டர்பு கண்டுபிடித்த கைரேகை

குளியலறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால், ஆள் உயிரோடு, உலர்ந்த தலையோடு, நிரம்பி வழியும் வாளியை முறைத்துக்கொண்டு குந்தியிருப்பான். அப்படிப்பட்ட மனிதன் இந்த உலகத்தில் ஒருவன்தான், அவன் எங்கள் டர்பு. இன்னொருவன் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இரண்டு பேரைத் தாங்கும் அளவுக்குச் செம்பாக்கத்தில் தண்ணீர் கிடையாது.

கதவை உடைத்தது நானும் எங்கள் ஹவுஸ் ஓனர் சாரும். ஒரு மணி நேரமாக உள்ளே ஆள் அரவமே இல்லை என்று பயந்துபோய் உடைத்தோம். டர்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்... மெதுவா வாங்க சார். தபாருங்க, பெரிய சுழி ஒண்ணு ஒடஞ்சி ரெண்டு சின்ன சுழியா ஆவுது. நீங்க கதவ ஒடச்ச அதிர்ச்சில மூணாவது ஒண்ணு வந்துகினு கீது!" என்றான்.

"கதவு போச்சேப்பா..." என்றார் ஓனர் சார்.

"கதவு போனா வேற கதவு வாங்கிக்கலாம் சார். இந்தச் சுழி போனா போனதுதான், இதே மாரி இன்னொண்ணு வரவே வராது."

ஓனர் சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிரே இருப்பவர் பேச்சில் நியாயம் இருந்தால் கோபத்தை விட்டுவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. கொஞ்ச நேரம் அவரும் வாளியைப் பார்த்தார். பிறகுதான் தச்சருக்கு போன் செய்யப் போனார்.

டர்பு தாம்பரம் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். பாயும் நீரும் காற்றும் ஏன் கட்டுப்பாடு இல்லாமல் கொந்தளிக்கின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது அவன் ஆராய்ச்சி. அந்தக் கொந்தளிப்புக்கு ஆங்கிலத்தில் டர்புலன்ஸ். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும் என்பதால் கல்லூரியில் அவனை டர்புலன்ஸ் என்றார்கள். தெருவில் அது டர்புவாகத் தேய்ந்தது. கூரியர் கொண்டுவருகிறவர்கூட டர்பு என்று கேட்டால்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார். சொந்த ஊர் கடற்கரைச் சாலை ஓரம் ஒரு மீனவர் குப்பம். எத்தனை படித்தும் குப்பத்துப் பேச்சை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. கணிதச் சமன்பாட்டைக்கூட அந்தப் பாஷையில்தான் சொல்வான்.

"சிம்பிள் மேட்டர் மச்சான். ஆத்துத் தண்ணி அது பாட்டுக்கு ஒயுங்கா வந்துகினு கீது. நடுவுல பாலத்துத் தூணு. மோதின ஒடனே தண்ணிக்கு பேஜாராப் பூடுது. தூணுக்குப் பின்னாடி போயி சுத்து சுத்துன்னு சுத்தி அடி மண்ண நோண்டுது. அது எப்டி நோண்டுதுன்னு சொல்லிட்டா பாலம் நிக்கும். சொல்லலேன்னா பாலம் படுத்துக்கும். இதான் என் படிப்பு."

அனகாபுத்தூர்ப் பக்கம் அடையாற்றுப் பாலத்தின் தூண் ஒன்றைத்தான் அவன் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தான். ஆற்றைக் கொசுவலை மாதிரி பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்குப் போட வேண்டும். பிறகு காலத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு நகர்த்தி, மறுபடி எல்லாக் கட்டங்களையும் முதலிலிருந்து போட வேண்டும். நிஜ ஆற்றில் ஒரு நிமிடம் ஓடுவதற்கு எங்கள் மாடி அறையில் வாரக்கணக்கில் ஓடும். ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் வாங்கி அவனே கட்டிய மூன்று கம்ப்யூட்டர்கள் அங்கே இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்தன. அறைக்குள் அப்பளத்தை வைத்தால் பொரிந்துவிடும் போலிருக்கும். நான் அந்த அறையில்தான் படுத்தேன்.

டர்புவோடு வெளியே போவது தனி அனுபவம். டீக்கடையில் மாஸ்டர் டீயை ஆற்றும்போது, "அண்ணா, அந்தக் கடைசி ஆத்து இன்னொரு தபா ஆத்துங்க, கரெக்டா பாக்கல" என்று கேட்டு, பின்னால் நிற்கும் கூட்டத்தின் சாபத்தை வாங்கிக்கொள்வான். தாம்பரம் ஸ்டேஷனில் வேக ரயில் போனால் எல்லோரும் பின்னால் நகர்வார்கள், அவன் பிளாட்பாரத்தில் பறக்கும் காகிதக் கப்புகளின் பின்னால் ஓடுவான். கோவிலம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப் போனேன். ஹோமப் புகையில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, இவன் மணமேடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ஐயரே, அந்த நெய்ய இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, பொகை ரொம்ப ஷோக்கா சுத்துது" என்றான். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் மாமா என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் மாமா என்று நினைத்தார்கள். அதனால் தப்பித்தோம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு அறிவியல் இதழ்களில் வரும் கட்டுரைகளைச் சரிபார்த்து அச்சுக்குத் தயாராக்கிக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. கட்டுரையின் கடைசியில், "இன்னின்னாரின் இன்னின்ன ஆராய்ச்சியைப் பார்த்தேன்" என்று நீளமாக ஒரு மேற்கோள் வரிசை வரும். அதில் பெயர், வருடம், பக்க எண், கமா எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. டர்பு எனக்கு வைத்த பெயர் கமா.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது கமாவைக் கூப்பிடவே ஆளில்லை. டர்பு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூணைப் பற்றி எழுதி ஒரு பெரிய இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இந்த மாதிரிக் கட்டுரைகளை இதழ்க்காரர்கள் யாராவது ஒரு நிபுணரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். நிபுணர் யார் என்று சொல்ல மாட்டார்கள். அந்த முகம் தெரியாத ஆசாமி, 'தூணின் மேற்பரப்பை ஒட்டிக் கட்டங்கள் போதாது, எனவே முடிவுகளை நம்ப முடியாது' என்று எழுதி, ஆதாரத்துக்கு ஐந்து பழைய கட்டுரைகளையும் குறிப்பிட்டிருந்தார். திருத்தி அனுப்ப ஒரு கடைசித் தேதியும் கொடுத்திருந்தார்கள். டர்புவின் பதிவுக் காலமும் ஏறக்குறைய அப்போதுதான் முடிகிறது. அதற்குள் கட்டுரை ஏற்கப்படாவிட்டால் டாக்டர் பட்டம் கிடையாது, இத்தனை வருடப் படிப்பும் ஆற்றோடு போய்விடும்.

"கட்டம் பத்தலையாம்ல! கஸ்மாலம்! யார்டா இவன்?" என்று எழுந்து உட்கார்ந்தான்.

"யாரா இருந்தா என்னடா? திருத்தி அனுப்பு."

"மாட்டேன். மொதல்ல இவன் யார்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

அவனுடைய கைடு மேடம் எனக்கே போன் செய்து, "நீங்களாவது சொல்லுங்க தம்பி, தேதி ஓடிட்டிருக்கு" என்று கெஞ்சினார்கள். தூணை அப்படியே விட்டுவிட்டு டர்பு துப்பறியக் கிளம்பினான். ஆராய்ச்சி செய்கிறவர்கள் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள், யாரை யாரோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதை வைத்து எழுதியது யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது அவன் கட்சி.

"கல்யாண வூட்டுப் பந்தில யாரு யார் பக்கத்துல குந்துறாங்கன்னு பாத்தாலே, யாரு எந்த வூட்டு ஆளுன்னு சொல்லிடலாம்ல? அதே கதைதான். இவன் இந்த அஞ்சு பேப்பரையும் ஒண்ணா குந்த வெச்சிக்கீறான். வேற யாரு இப்டி குந்த வெக்கிறாங்கன்னு பாத்தா ஆளு மாட்னான்."

நூற்றுக்கணக்கான கட்டுரைகளை இறக்கினான். கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினான். அது போதாதென்று சுவர் முழுக்கக் காகிதங்களை ஒட்டி, யார் யாரைச் சொன்னார்கள் என்று கலர் கலராக உல்லன் நூல் கட்டி இழுத்தான். நூலுக்கு அடியில் குனிந்துதான் நான் என் சட்டையை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்போடு வந்த அவன் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"இன்னாடா இது? இவ்ளோ படிச்சிட்டு வலைய இவ்ளோ மோசமா பின்னிக்கினு கீற? ஒரு நெத்திலி கூட மாட்டாது."

"நெத்திலி இல்லம்மா. திமிங்கலம் மாட்டும் பாரு."

மாட்டியது. ஒரு நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்கினான். பிரஷ் எங்கேயோ போய் விழுந்தது.

"கமா! கண்டுபுடிச்சிட்டேன்டா! யார்னு சொல்லு பாப்போம். பெரியவரு! சாட்சாத் பெரியவரு!"

பெரியவர் என்றால் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர். கொந்தளிப்பு பற்றி அவர் எழுதிய தடிப் புத்தகத்துக்கு டர்பு பள்ளிக்கூடப் பையன் மாதிரி பிரவுன் அட்டை போட்டு, சரஸ்வதி பூஜைக்குச் சந்தனமும் வைப்பான்.

"எப்படிடா சொல்ற?"

"அஞ்சு பேப்பரும் அதே வரிசைல அவரோட கட்டுரைங்கள்ல கீது. அதுகூட பரவால்ல. இந்த மூணாவது பேப்பரப் பாரு. இது மெய்யாலுமே வந்த வருசம் வேற. கருத்து எழுதின நம்ம ஆளு ஒரு வருசம் தள்ளிப் போட்டுக்கீறாரு. அதே தப்பு பெரியவரோட பேப்பர் அத்தினிலயும் கீது! சரியா எழுதறத ஆயிரம் பேரு ஒரே மாரி எழுதலாம்டா. தப்பு அப்டி இல்ல. தப்புதான்டா கைரேகை!"

அவன் கண்ணெல்லாம் தண்ணீர். "இத்தினி வருசமா எழுதிகினு கீறேன், நான் எழுதினத ஒருத்தர்கூட முழுசா படிச்சது இல்லடா. பெரியவரு படிச்சிக்கீறாரு. எழுத்துக் கூட்டி, தூணு வரைக்கும் வந்து, கட்டம் பத்தலன்னு சொல்லிக்கீறாரு!"

அன்று தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். ஓனர் சார் பாதி தின்றுவிட்டுத்தான் காரணம் கேட்டார்.

"கட்டுரை வேணாம்னு சொல்லிட்டாரு சார்!"

"வேணாம்னு சொன்னதுக்கா ஸ்வீட்டு?"

"சொன்னது யாரு, அத கேளுங்க சார்!"

நேற்றுவரை கஸ்மாலமாக இருந்த கருத்து இன்று அருள்வாக்காக ஆகிவிட்டது. தூணின் மேற்பரப்பை உட்கார்ந்து பார்த்தான். கட்டங்கள் நிஜமாகவே போதவில்லை. "பெரியவரு கண்ணு கண்ணுதான்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு, உல்லன் நூலையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, கட்டங்களை நெருக்கிப் போட்டுக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தான்.

எனக்கு மட்டும் அந்தத் தப்பான வருடம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. மறுநாள் ஆபீசில், பெரியவர் வழக்கமாக எழுதும் இதழுக்காக வேறு யாரோ எழுதிய ஒரு கட்டுரை கைக்கு வந்தது. அதில் அதே பழைய கட்டுரை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது, சரியான வருடத்தோடு. எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கடி வரும் மேற்கோள்களை ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கச் சோம்பல்பட்டு, அவற்றைத் தானே திருத்தி, தானே வரிசைப்படுத்தும் ஒரு புரோகிராமை யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். வழக்கம்போல அதன் பொத்தானை அழுத்தினேன். என் கண் முன்னாலேயே சரியான வருடம் மறைந்து, ஒரு வருடம் தள்ளித் தப்பு வருடம் வந்து உட்கார்ந்தது.

டீம் லீடர் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது நான் சேர்றதுக்கு முன்னாடியிலேருந்தே அப்படித்தாம்ப்பா வருது. இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே" என்றார்கள்.

 டர்பு கண்டுபிடித்த கைரேகை பெரியவருடையது அல்ல, எங்கள் ஆபீசுடையது! அந்த இதழில் யார் எழுதினாலும் கட்டுரை எங்கள் கை வழியாகத்தான் போகும், போகும்போது அந்தத் தப்பை வாங்கிக்கொண்டு போகும். பெரியவர் அந்த இதழில் நிறைய எழுதியிருந்தார், அதனால் அவர் மேல் ரேகை நிறைய விழுந்திருந்தது. டர்புவின் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆசாமி, அந்த இதழிலிருந்து மேற்கோளை அப்படியே எடுத்துப் போட்ட யாராகவும் இருக்கலாம்.

ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்தால், டர்பு தலையில் ஈரத்துண்டோடு, மூன்று கம்ப்யூட்டருக்கும் நடுவே குதித்துக்கொண்டிருந்தான். "கமா! வந்து பாருடா! கட்டத்த நெருக்கினதும் தூணு அடில புதுசா ஒரு சுழி தெரியுது! இது யாருமே பாக்காத சுழிடா! பெரியவரு சொல்லலேன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது!"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் இவன்தானா என்று இருந்தது. நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சட்டையை மாட்டிவிட்டு, உப்புமா கிண்டப் போனேன்.

கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. செம்பாக்கத்தில் மழை பிடித்தால் ஏரி எது, தெரு எது என்று கண்டுபிடிக்கத் தனியாக ஆராய்ச்சி செய்ய வேண்டும். கீழ் வீட்டில் எல்லோரும் ஃபிரிட்ஜையும் கட்டிலையும் தூக்கிச் செங்கல் மேல் வைத்துக்கொண்டிருந்தபோது, டர்பு முழங்கால் தண்ணீரில் தெருவிளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கத்தினான். "எல்லாரும் வாங்க! என் தூணுடா இது! அதே சுழி, லைவ்ல வந்துகினு கீது!" பக்கத்து வீட்டு அக்கா தூக்கிக்கொண்டிருந்த கேஸ் அடுப்போடு நின்று, கம்பத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாம்ப்பா, சுத்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். மாடியில் உறுமல் நின்றது. டர்பு சுழியை அப்படியே விட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடினான். பாதிக் கணக்கு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, தேதியோ நெருங்கிவிட்டது.

ஓனர் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் நின்றிருந்தார். "என் இன்வெர்ட்டர் மேலேதானே இருக்கு? வயரை எடுத்து உன் மெஷினுக்குக் குடு."

"சார், உங்களுக்கு ஃபேன், லைட்டு..."

"மழைக்கு எதுக்குப்பா ஃபேன்? மெழுகுவர்த்தி இருக்கு. நீ முடிக்கலேன்னா அந்தப் பெரியவர் நம்ம செம்பாக்கத்தைப் பத்தி என்ன நினைப்பார்?"

மூன்று கம்ப்யூட்டரில் ஒன்றை மட்டும் இன்வெர்ட்டர் தாங்கியது. பாட்டரி தீர்ந்தபோது ஓனர் சார் தன் கார் பாட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். அதுவும் தீரும் நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. கணக்கு முடிந்ததும் கட்டுரையைத் திருத்தி எழுதினான். அதன் ஆங்கிலத்தைப் பார்க்கிற வேலை எனக்கு வந்தது. தேதிக்குள் போய்ச் சேர்ந்தது. ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்த அன்று அவன் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த நாரைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. வழக்கமாகக் கைடும், நாலு மாணவர்களும், போண்டாவுக்கு வருகிறவர்களும் வருவார்கள். டர்பு விதியை அப்படியே நம்பிக் குப்பம் முழுவதையும் அழைத்துவிட்டான். இரண்டு வேன் நிறைய ஆட்கள், பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக வந்து அரங்கத்தை நிறைத்தார்கள். திரையில் சுழி தோன்றும்போதெல்லாம் விசில் பறந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் டர்பு குதித்துக் குதித்துப் பதில் சொன்னான். கடைசியில் அவர் சபையைப் பார்த்து, "வேறு யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

அவன் அம்மா எழுந்தார்கள். "எனக்கு ஒரே ஒரு கேள்வி சார். இவன் எப்ப கல்யாணம் பண்ணிக்குவான்?"

டர்பு அவசரமாகத் திரையில் அடுத்த சுழியைப் போட்டான். தேர்வாளர், "இதற்கு மட்டும் பிறகு எழுத்து மூலம் பதில் தரலாம்" என்று சொல்லி, அவனை டாக்டர் என்று அறிவித்தார். கைதட்டலில் கைடு மேடம் அழுதார்கள், ஓனர் சார் அழுதார், கல்லூரி வாட்ச்மேனும் எதற்கென்று தெரியாமல் அழுதார்.

பிறகு நானும் அவனும் அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டில் ஆளுக்கொரு டிபன் தட்டோடு உட்கார்ந்தோம். இனிமேல் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்று, எங்கள் ஆபீஸ் புரோகிராமையும் அந்தத் தப்பு வருடத்தையும் பற்றி எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

டர்பு தட்டை வைத்துவிட்டு எகிறிக் குதித்தான். "அடப்பாவி! அப்போ என் மெத்தடு கரெக்டுடா! எங்கியோ போயி ஆளத் தேடிகினு இருந்தேன், அது என்னிய என் வூட்டுக்கே இஸ்துகினு வந்துக்கீது! எழுதினவன மட்டும் இல்ல, கமா போட்டவனையும் கண்டுபுடிக்கும்! இத வெச்சி இன்னொரு பேப்பர் எழுதலாம்டா! நீ சொல்லு, அந்தப் புரோகிராம எவன் எழுதினான்?" என்று படியில் ஏறியும் இறங்கியும் கத்தினான். நானும் சிரித்தேன். அப்புறம் அவன் மெதுவாக வந்து உட்கார்ந்தான்.

"அப்போ பெரியவரு படிக்கலையா?"

"தெரியலடா. படிச்சிருக்க மாட்டார்னுதான் நினைக்கிறேன்."

"மொத்தத்துல ஒருத்தரும் முழுசா படிக்கல."

"நான் படிச்சேனே. மூணு தடவை படிச்சேன்."

"உனக்கு இன்னாடா புரிஞ்சுது?"

"ஒண்ணும் புரியல."

"புரியாமயே, கடைசி வரைக்குமா?"

"கடைசி கமா வரைக்கும்."

அவன் என்னையே பார்த்தான்.  தன் தட்டில் மிச்சமிருந்த போண்டாவை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, தோளோடு தோள் இடிக்க நெருங்கி உட்கார்ந்துகொண்டான். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அந்தக் குறை அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் தீர்ந்துவிட்டது.